குப்பை எது?

"குப்பை உயர்ந்தது, கோபுரம் தாழ்ந்தது" என்பது நம் நாட்டில் நெடுநாளாய் வழங்கிவரும் பழமொழி. கீழே கிடந்தவன் எழுந்து நின்றதைக் கண்டு, மேலே இருந்தவன் மனம் நொந்து சொன்ன சொல் அது. சொன்னவன் பெயர் தெரியாது. ஆனால் எங்கே நின்று சொன்னான் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. கோபுரத்தின் உச்சியில் நின்றுதான் சொல்லியிருக்கிறான்! குப்பைமேட்டில் நின்றவன் அதைச் சொல்லியிருக்க வழியே இல்லை.

கல்லூரி நாட்களில், பேச்சு மேடை ஒன்றில், இந்தப் பழமொழியை எள்ளி நகையாடிக் கைதட்டல் பெற்றவர்கள்தாம் நாம். ஆயினும் அதன் பொருளை மேடை நமக்குக் கற்பிக்கவில்லை. நான்காம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்திதான் கற்பித்தாள்.

நாம் ஆசிரியப் பணியாற்றுவது ஒரு சிறு நகரின் தொடக்கப் பள்ளியில். பயன் தீர்ந்த பொருள்களைக் கொண்டு பொம்மை செய்வது, துண்டுத் தாள்களை ஒட்டிப் படம் ஆக்குவது, செய்ததைப் பற்றிச் சொந்தமாகக் கதை எழுதுவது ஆகியவை இன்று தொடக்கப் பள்ளிகளில் பரவலாக நடைபெறும் பயிற்சிகள். 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் சென்ற செயல்வழிக் கற்றலும், 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும், பிள்ளை கேட்டு மட்டுமே கற்பதில்லை, செய்தும் கற்கிறது என்னும் கருத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தன. நல்ல கருத்துத்தான். நாமும் ஆர்வத்தோடு ஒருநாள் ஆணையிட்டோம்: "நாளை ஒவ்வொருவரும் வீட்டில் வேண்டாமென்று எறியும் பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். நாம் அதில் ஓர் உலகமே செய்வோம்!"

மறுநாள் உலகம் செய்வதற்கான பொருள்கள் வந்து குவிந்தன. கொட்டாங்கச்சி, தீப்பெட்டி, உடைந்த வளையல், புட்டி மூடி, மிதிவண்டிக் குழாய், சென்ற ஆண்டு நாட்காட்டி, எப்போதோ முடிந்துபோன திருமணத்தின் அழைப்பிதழ். ஒரு சிறுமி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். "ஏன் அம்மா, நீ எதுவும் கொண்டுவரவில்லையா?" என்று கேட்டோம். அவள் தலைகுனிந்தாள். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் குரல் கொடுத்தான்: "சார், அவங்க அம்மா குப்பை வண்டி சார். அவகிட்டதான் நிறைய இருக்கும்!"

வகுப்பு சிரித்தது. நாம் அந்தச் சிறுவனை அதட்டினோம்; சிரிப்பு அடங்கியது; கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தோம். அதற்கும் மறுநாள் அவள் வந்தாள். கையிலே கடையில் வாங்கிய புத்தம்புதிய வண்ண அட்டை. விலை 30 ரூபாய். வகுப்பிலேயே பணம் செலவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். வகுப்பிலேயே மிக ஏழையும் அவள்தான்.

ஊராரின் குப்பையை நாள்தோறும் அள்ளும் ஒரு தாய், தன் மகள் கையில் மட்டும் அது படக்கூடாது என்று, கூலியிலிருந்து 30 ரூபாயை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நாம் விளையாட்டு என்று எண்ணி இட்ட ஆணை, அந்த வீட்டில் விளையாட்டாகப் போய்ச் சேரவில்லை. ஏனையோர்க்குக் குப்பை ஒரு பொருள். அவளுக்கோ அது ஒரு பட்டப்பெயர். இந்த வேறுபாட்டை அறியாமல் வகுப்பு நடத்தியவர்கள் நாம். சிரித்த சிறுவனை அதட்டிய நமக்கு, நம்மை நாமே அதட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆகவே கேட்கிறோம்: குப்பை எது?

பகுத்தறிவாளர் எந்தச் சொல்லையும் உரைத்துப் பார்க்காமல் ஏற்கமாட்டார். இச்சொல்லையும் உரைத்துப் பார்ப்போம். கொட்டாங்கச்சி ஒரு வீட்டில் குப்பை. கைத்தொழிலாளி அதில் ஒரு காம்பைப் பொருத்தினால் அகப்பை. அடுப்பு மூட்டுபவளுக்கு விறகு. நம் வகுப்புச் சிறுவனுக்கு ஆமையின் முதுகு. பொருள் மாறியதா? இல்லை. அதே ஓடு, அதே நார், அதே எடை. மாறியது எது? அதைப் பற்றி மனிதன் எழுதிய தீர்ப்பு. பளபளப்பும் கனமும் பொருளின் பண்புகள். குப்பை என்பதோ பொருளின் பண்பன்று. எனக்கு இது இனி வேண்டாம் என்று உடையவன் சொன்ன சொல். தீர்ப்பை எழுதியவன் மனிதன் என்றால், திருத்தி எழுதவும் மனிதனால் முடியும்.

இழிவு என்பதும் அத்தகையதே. எந்தக் குழந்தையின் உடலிலும் இழிவு என்றொரு பொருளை எந்த மருத்துவரும் கண்டதில்லை. அது எழுதப்பட்ட தீர்ப்பு. எழுதியவர் நலனுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு. இதிலே விந்தை ஒன்று பாருங்கள். தெருவிலே குப்பையைக் கொட்டுபவன் தூயவன். அதை எடுத்து அகற்றுபவன் அழுக்கானவன்! நோயைத் தருபவனை வணங்கி, மருந்து தருபவனைத் தீண்டாதே என்று சொல்வது போன்ற நீதி இது. இந்த நீதி எந்த ஏட்டிலும் எழுதப்படாமலே நான்காம் வகுப்புச் சிறுவன் வாய்வரை வந்து சேர்ந்திருக்கிறது. அவன் கெட்ட பிள்ளை அல்லன். நாடு கற்பித்த பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தான், அவ்வளவே.

இங்கே தோழர்கள் சிலர் எழுப்பக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். அவற்றைத் தட்டிக்கழிப்பது முறையாகாது.

முதல் மறுப்பு: "கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவதா? 1953-இல் நடந்ததை மறந்தீர்களா?" மறக்கவில்லை. அன்றைய சென்னை மாநிலத்தில், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்றது இராசகோபாலாச்சாரியார் அரசின் திட்டம். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே எதிர்த்தது. 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. அந்தப் போராட்டம் கைகளை எதிர்த்த போராட்டமா? அன்று. எந்தக் கை எந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதை எதிர்த்த போராட்டம். குயவர் மகன் மண்ணைத் தொட்டதில் குற்றமில்லை. குயவர் மகன் மட்டுமே தொடவேண்டும், அதை மட்டுமே தொடவேண்டும் என்றதில்தான் குற்றம். எல்லாப் பிள்ளைகளும் மண் பிசைந்து, எல்லாப் பிள்ளைகளும் ஏடு படித்தால், அங்கே குலம் எங்கே நிற்கும்? ஆகவே எந்தக் கைவேலைப் பயிற்சியையும் ஒரு வினாவால் சோதித்துப் பார்க்கலாம்: இது குழந்தையின் முன் கதவைத் திறக்கிறதா, சாத்துகிறதா?

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது: "செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வுக்கூடமும் வண்ணப் பெட்டியும், ஏழைப் பிள்ளைக்குத் தேங்காய் ஓடும் கிழிந்த தாளுமா? வறுமைக்கு வண்ணம் பூசி, அதைக் கலை என்று அழைக்கிறீரா?" இந்தக் கேள்வியின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறோம். எறிந்த பொருளில் கலை செய்யலாம் என்பதைக் காட்டி, தாளும் தூரிகையும் தரவேண்டிய கடமையிலிருந்து எவரும் நழுவிவிடக்கூடாது. இல்லாமை ஓர் அணிகலன் அன்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் கற்ற அரவிந்த் குப்தா, 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் தொடங்கிய அறிவியல் கல்வி முயற்சியில் 1978-இல் வந்து இணைந்தார். தீக்குச்சிகளையும், மிதிவண்டியின் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து, முக்கோணமும் கனசதுரமும் செய்து காட்டினார். பிறகு வாழ்நாள் முழுவதும், எறியும் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்யும் வழிகளை நூல்களாகவும் படங்களாகவும் ஆக்கி, விலையின்றி வழங்கினார். 2018-இல் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது. முக்கோணத்தை நசுக்க முடியாது, சதுரம் சாய்ந்துவிடும் என்பதைத் தன் விரலால் உணர்ந்த பிள்ளை, பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணங்களாக நிற்கின்றன என்பதை எவரும் சொல்லாமலே அறிகிறது. விலையுயர்ந்த கருவியைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்துக் காட்டினால் இந்த அறிவு வருமா? உடைந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சமின்றிக் குழந்தை தொடக்கூடிய பொருளே குழந்தைக்கு ஆசிரியன்.

இன்னும் இருண்டதொரு சான்றும் உண்டு. இன்றைய செக் நாட்டிலுள்ள டெரசீன் நகரை, இட்லரின் ஆட்சி யூத மக்களை அடைத்துவைக்கும் முகாமாக்கியது. 1942 இறுதியில் அங்கே கொண்டுவரப்பட்டார் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியப் பெண்மணி. சிறைப்பட்ட குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். நல்ல தாள் கிடைக்காதபோது, பயன் தீர்ந்த அலுவலகப் படிவங்களின் மறுபுறத்தில் வரைந்தார்கள். துண்டுத் தாள்களைக் கிழித்து ஒட்டிப் படம் ஆக்கினார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் படத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்பது அவர் வைத்த முறை. எண்ணாக்கி அனுப்பப்பட்ட குழந்தைக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்! 1944 அக்டோபரில் அவர் ஆசுவிட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் மட்டும் இரண்டு பெட்டிகளில் பிழைத்தன; இன்றும் பிராகு நகரின் அருங்காட்சியகத்தில் உள்ளன. கிழிந்த தாளே போதுமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சிறையை எவராவது புகழ்வாரா? மனிதரையே குப்பை என்று தீர்ப்பெழுதிய ஓர் அரசின் நடுவே, எறிந்த தாளில் ஒரு குழந்தை தன் பெயரை எழுதியதே, அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்பதற்குச் சான்று. அதற்காகவே சொல்கிறோம்.

பெயர் என்றதும் நம் பள்ளிகளின் இன்னொரு நோய் நினைவுக்கு வருகிறது. செயல்திட்டம் என்று ஆசிரியர் சொல்கிறார்; பிள்ளை வீட்டுக்குப் போகிறது; தந்தை வெட்டுகிறார், தாய் ஒட்டுகிறார், அக்காள் எழுதுகிறாள்; இயலாதவர் கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்குகிறார். மறுநாள் அதன்மேல் பிள்ளையின் பெயர்! ஆசிரியரும் அழகாயிருக்கிறது என்று முழு மதிப்பெண் அளிக்கிறார். பக்கத்திலே, கோணல்மாணலாக, பசை வழிய, ஆனால் தன் கையாலேயே செய்துவந்த கூலிக்காரர் மகனுக்குப் பாதி மதிப்பெண். கண்காட்சி நாளில், மேலதிகாரி வருகிறார் என்று, பிள்ளை செய்த பொம்மையின் மூக்கை நாமே திருத்தி வைத்ததும் உண்டு, மறைக்கவில்லை.

இது சிறு பொய்தானே என்பீர்களா? இந்தச் சமுதாயத்தின் பெரும் பொய்யே இதுதான். ஒருவன் உழைப்பான், வேறொருவன் பெயரைப் பொறித்துக்கொள்வான்! மாளிகையைக் கட்டியவன் பெயர் கல்வெட்டில் இல்லை. கட்டச் சொன்னவன் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பாடத்தின் முதல் ஏட்டை ஏழு வயதுக் குழந்தைக்கு வண்ண அட்டையில் நாமே கற்பிக்கிறோம். கோணலான பொம்மை உண்மையானது. நேரான பொம்மை பொய்யானது. மதிப்பெண் எதற்கு?

எழுத்திலும் இதே கதைதான். "பசு பால் தரும். பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு" என்று எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள்! மாடே இல்லாத வீட்டுப் பிள்ளையும் "எங்கள் வீட்டுப் பசு" என்று எழுதுகிறது. பிரான்சு நாட்டில் செலஸ்தென் பிரேனே என்றோர் ஊர்ப்புற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பாய்ந்தவர். நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த உடல் இடம் தரவில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். கண்டதைச் சொல்லச் செய்தார். சொன்னதை எழுதச் செய்தார். 1924-இல் சிறியதோர் அச்சுப்பொறியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் எழுதியதைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். உழவர் வீட்டுச் சிறுவன் தன் சொல் அச்சில் நிற்பதைக் கண்டான். தன் வாழ்க்கை எழுதத் தக்கது என்பதை அறிந்தான். அதைவிடப் பெரிய பாடம் வேறு எது?

நம் வகுப்புக்கு வருவோம். அந்த 30 ரூபாய் அட்டைக்குப் பின், நாம் பாடத்தை மாற்றினோம். பொம்மை செய்வதற்கு முன் ஒரு வினா: "உங்கள் கையிலுள்ள பொருள் இங்கே வருவதற்கு முன் யார் யார் கையில் இருந்தது? இங்கிருந்து எறிந்தால் யார் கைக்குப் போகும்? எழுதுங்கள்." எவர் பெயரையும் சுட்டவில்லை, எவரையும் எழுப்பிக் கேட்கவில்லை. முதல் பாதியைப் பலரும் எழுதினார்கள். தென்னை மரம் ஏறியவர், சந்தைக்கு ஏற்றியவர், கடைக்காரர், அம்மா என வரிசை வந்தது. இரண்டாம் பாதியில் எல்லா ஏடுகளும் ஒரே இடத்தில் நின்றன: தெருமுனைத் தொட்டி. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அந்த வகுப்பில் எவருக்கும் தெரியவில்லை. ஆசிரியராகிய நமக்கும் தெரியவில்லை!

ஒரு கை உயர்ந்தது. அவள் படித்தாள். பதினொரு வரிகள். விடியுமுன் வண்டி புறப்படுவது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் மக்கள் ஒன்றாய்க் கட்டிவிடுவதால் கையால் பிரிக்க நேர்வது. தாளில் சுற்றாமல் எறிந்த கண்ணாடித் துண்டு அம்மாவின் விரலைக் கிழித்தது. மறுநாளும் அம்மா வேலைக்குப் போனது. அழகிய சொல் ஒன்றும் அதில் இல்லை. வகுப்பு அமைதியாயிருந்தது. முன்பு சிரித்த சிறுவன் கேட்டான்: "கண்ணாடியை எப்படிப் போடணும்?" அவள் சொன்னாள்: "தாளில் சுற்றி, மேலே எழுதிப் போடணும்."

பிறகு அவள் தன் புதிய அட்டையில் ஒரு வண்டி செய்தாள். சக்கரத்துக்குப் பக்கத்துச் சிறுவனின் புட்டி மூடிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தாய் தள்ளுவண்டி தள்ளுபவர். அட்டை வண்டியிலோ ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

இத்தோடு உலகம் திருந்திவிட்டது என்று முழங்க நாம் வரவில்லை. அந்தச் சிறுவன் வேறொரு நாள் வேறொருவனைப் பார்த்துச் சிரித்தான். அவளும் அதற்குப் பின் வீட்டிலிருந்து பழம்பொருள் கொண்டுவரவில்லை; புதுத்தாள்தான் கொண்டுவந்தாள். அது அவள் உரிமை. ஆகவேதான் பொருள்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதையே விட்டுவிட்டோம். இப்போது வகுப்பில் ஒரு பொதுப் பெட்டி இருக்கிறது. பள்ளியில் சேரும் தாளும் அட்டையும் அதில் விழுகின்றன. ஆசிரியர் வீட்டுப் பழம்பொருளும் அதில் உண்டு. எவர் தந்தது என்று அதில் எழுதியிருப்பதில்லை. எவர் செய்தது என்பது மட்டும் செய்த பொருளின்மேல் எழுதப்படும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டதும், "குப்பை அள்ளுவது புனிதத் தொண்டு" என்று உருகுவோர் உண்டு. அந்த உருக்கம் நமக்கு வேண்டாம். புனிதம் என்று சொன்னவர் எவரும் தம் மகனை அந்தப் புனிதத்துக்கு அனுப்பியதில்லை. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியது நன்று. கையுறை வந்ததா, கூலி உயர்ந்ததா, பொறி வந்ததா, அவர்தம் பிள்ளை விரும்பிய படிப்புக்குச் சென்றதா என்பனவே கேள்விகள். புகழ்ச்சியும் ஒரு விலங்காகலாம். பொன்முலாம் பூசிய விலங்கு! அந்தச் சிறுமிக்கு நாம் கற்பிக்கவேண்டியது, உன் தாய் செய்யும் தொழில் இழிவன்று என்பது ஒன்று. நீ அதைச் செய்தாக வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மையைச் சொல்பவர்.

இதைப் படிக்கும் இளைஞர்களே! உங்களில் பலர் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறீர்கள். சிலர் நம்மைப் போல் ஆசிரியர்கள். பிள்ளைகளுக்குப் பழந்தாளில் படகு செய்யக் கற்றுக்கொடுங்கள். தங்கள் சொல்லில் கதை எழுதக் கற்றுக்கொடுங்கள். ஆனால் பாடம் படகோடு முடிவதில்லை. படகு செய்து முடித்தபின் தரையைப் பாருங்கள். வெட்டிய தாளும், சிந்திய பசையும், உடைந்த துண்டுகளும் கிடக்கும். அவற்றைக் கூட்டுவது யார்? எந்தப் பிள்ளையை நோக்கி உங்கள் விரல் தானாக நீள்கிறது? பெண் பிள்ளையை நோக்கியா? கடைசி வரிசையை நோக்கியா? இன்னார் மகன் என்று தெரிந்தவனை நோக்கியா? பகுத்தறிவு நம் பேச்சில் இருக்கிறதா, நம் விரலில் இருக்கிறதா என்பது அந்த நொடியில் தெரிந்துவிடும்.

நம் வகுப்பின் சுவரில் இப்போது ஒரு பட்டியல் தொங்குகிறது. எந்த நாளில் யார் கூட்டவேண்டும் என்ற பட்டியல். வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே பெயர்கள் இருக்கின்றன. ஒரே ஒரு மாற்றம்: முதற்பெயர் ஆசிரியருடையது.